அடி விழுகிறது, நேரம் போகிறது: விசார்ட் பில்டை வேக அறுவடைக்கு மாற்றும்போது தோன்றும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழியும்

கல்லடியில் இருக்கும் என் அக்காவின் மகன், சென்ற பெரும்போக வெட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். டயப்லோ 3 என்ற கணினி விளையாட்டில் அவன் வளர்த்து வைத்திருந்த விசார்ட் என்ற மந்திரக்காரி, கிரேட்டர் ரிஃப்ட் என்ற, படிப்படியாகக் கடினமாகும் சோதனைக் களத்தில் உயர்ந்த படிகளைத் தாண்டக்கூடியவள். ஆனால் டெத்ஸ் பிரெத் என்ற கைவினைப் பொருளைச் சேர்ப்பதற்காகச் சாதாரண நெஃபலம் ரிஃப்டில் இறங்கினால், ஒரு சுற்றை முடிக்க அவளுக்கு ஏழு நிமிடம் ஆகிவிடுகிறது. "மாமா, அடி நல்லாத்தான் விழுகுது, ஆனா ஓடியே நேரம் போகுதே" என்றான். கோளாறு என்னவென்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் இருவரும் அன்று மாலை முழுவதும் தேடினோம்.

அவன் கொண்டுவந்த பில்ட், அதாவது அணிகலன்களும் ஸ்கில்களும் சேர்ந்த அமைப்பு, பலரும் வைத்திருப்பதுதான். உடலில் தல் ரஷா தொகுதியின் ஆறு துண்டுகள், காலில் நில்ஃபர்ஸ் போஸ்ட், கையில் கிராண்ட் விசியர் என்ற இருகைத் தடி, முதன்மைத் தாக்குதலாக ஸ்டார் பாக்ட் ரூனுடன் (ரூன் என்பது ஒரு ஸ்கில்லின் மாற்று வடிவம்) மீட்டியோர் என்ற விண்கல் வீச்சு, விரலில் கன்வென்ஷன் ஆஃப் எலிமென்ட்ஸ் மோதிரம். கிரேட்டர் ரிஃப்டின் மேற்படிகளில் ஓர் எதிரியை வீழ்த்தவே பல வினாடி ஆகும் என்பதால், அங்கே இவை ஒவ்வொன்றும் தன் இடத்தை நியாயப்படுத்துகிறது. வேக அறுவடையில், அதாவது எளிய ரிஃப்டுகளை விரைந்து ஓடிப் பொருள் சேர்க்கும்போது, எதிரி ஒரே அடியில் விழுந்துவிடுகிறான். அதற்கு மேல் இருக்கும் பலம் எல்லாம் கையில் கிடக்கும் செலவாகாத காசு. அதை விற்றுக் கால்களை வாங்குவதே இந்த மாற்றத்தின் முழு வேலையும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவதாக, பழைய பில்டை ஆர்மரி என்ற சேமிப்பிடத்தில் சேமித்துவிடுங்கள். அணிகலன், ஸ்கில், கனாய்ஸ் கியூபில் (அணியாத பொருளின் சக்தியையும் பயன்படுத்த உதவும் பெட்டி) தெரிவு செய்த சக்திகள் எல்லாம் அதில் ஒன்றாகப் பதிவாகிவிடுவதால், பின்பு ஒரே சொடுக்கில் திரும்பலாம். இரண்டாவதாக, கைப்பேசியின் நிறுத்தக் கடிகாரத்தை வைத்து மூன்று ரிஃப்டுகளை ஓடி, எதிரியை அடிக்கும் நேரம், ஓடும் நேரம், சும்மா நிற்கும் நேரம் ஆகிய மூன்றில் எது பெரிது என்று கவனியுங்கள். மருமகன் அடிக்கும் நேரம்தான் பெரிது என்று நம்பியிருந்தான். பார்த்தபோது பாதிக்கு மேல் ஓட்டமும் நிற்பதுமாகவே இருந்தது.

அறிகுறி: சாதாரண எதிரியே முதல் அடியில் விழுவதில்லை

இதற்குப் பில்டை மாற்ற வேண்டியதில்லை. கடினநிலையை ஒரு படி குறையுங்கள். டோர்மென்ட் 16 வரை நிலைகள் இருப்பதால் அதில்தான் ஓட வேண்டும் என்ற வீம்பு பலருக்கு உண்டு. மேல்நிலையில் கூடுதலாகக் கிடைப்பதைவிட, கீழ்நிலையில் இரண்டு மடங்கு வேகமாக ஓடிக் கிடைப்பது அதிகம். இரண்டு அடிக்கு மேல் தேவைப்படும் நிலை உங்களுடைய நிலை அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். எலீட் என்ற வலிய எதிரிகளின் கூட்டத்துக்கு மட்டும் நான்கைந்து அடி ஆனால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: டெலிபோர்ட்டை அழுத்தினால் ஆர்கேன் பவர் போதவில்லை என்று வருகிறது

விசார்ட் வேகமாக ஓட முயல்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால், சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈதர் வாக்கர் என்ற மந்திரக்கோலின் சக்தியைக் கியூபின் ஆயுத இடத்தில் வைத்தால், டெலிபோர்ட் என்ற தாவலுக்குக் கூல்டவுன் (மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) என்பதே இல்லாமல் போகிறது. அதற்கு விலையாக ஒவ்வொரு தாவலும் 25 அலகு ஆர்கேன் பவரை, அதாவது ஸ்கில்களுக்குச் செலவாகும் வளத்தை, எடுத்துக்கொள்கிறது. ஒரு விசார்ட்டிடம் இயல்பாக இருப்பது 100. வினாடிக்கு 10 ஊறுகிறது. ஆக, நான்கு முறை அடுத்தடுத்துத் தாவினால் பானை காலி. அதன் பிறகு இரண்டரை வினாடிக்கு ஒரு தாவல்தான். இது வரைக்கும் தாங்கலாம். ஆனால் ஸ்டார் பாக்ட் ரூன், மீட்டியோரை எறியும்போது மீதமிருக்கும் ஆர்கேன் பவர் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு, உறிஞ்சிய ஒவ்வொரு அலகுக்கும் அடியைப் பெருக்குகிறது. கிரேட்டர் ரிஃப்டில் அதுதான் அதன் பெருமை. இங்கோ, ஒரு கூட்டத்தின் மேல் ஒரு மீட்டியோரை எறிந்த அடுத்த கணமே நீங்கள் கால் முடங்கி நிற்கிறீர்கள். கிடங்கில் இருந்த விதைநெல் முழுவதையும் ஒரே வயலில் கொட்டிவிட்டு அடுத்த வயலின் வரம்பில் வெறுங்கையுடன் நிற்பதைப் போன்றது இது.

ஆகவே முதல் திருத்தம், ஸ்டார் பாக்டைக் கழற்றிவிட்டு மீட்டியோர் ஷவர் ரூனைப் போடுவது. ஒரு பெரிய கல்லுக்குப் பதிலாக ஏழு சிறிய கற்கள் அடுத்தடுத்து விழுகின்றன. ஒரு கூட்டம் சிதறி நின்றாலும் அகப்படுகிறது. மீதிப் பவர் உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் அணிகலன்களில் ஆர்கேன் அடிக்கான கூடுதல் விழுக்காடு பதிந்திருந்தால், நெருப்பு வகையைச் சேர்ந்த இந்த ரூனுக்கு அது உதவாது. அந்த இழப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். நாம் விற்க வந்த பலம் அதுதான்.

இரண்டாவது திருத்தம் ஊற்றைப் பெருக்குவது. ஆஸ்ட்ரல் பிரெசன்ஸ் என்ற பாசிவ் (எப்போதும் இயங்கும் திறன்), கொள்ளளவில் 20 அலகையும் வினாடிக்கு 2.5 அலகையும் கூட்டுகிறது. ஃபமிலியர் ஸ்கில்லை ஆர்கனாட் ரூனுடன் எடுத்தால் வினாடிக்கு இன்னும் 4.5 சேரும். இப்போது ஊற்று வினாடிக்கு 17. தாவல் மட்டும் என்றால் ஏறக்குறைய ஒன்றரை வினாடிக்கு ஒன்று. கிராண்ட் விசியர் தடி மீட்டியோரின் விலையை 40 முதல் 50 விழுக்காடு வரை குறைப்பதால், 40 அலகாக இருந்த ஒரு மீட்டியோர் 20க்கும் 24க்கும் இடையில் வந்துவிடுகிறது. ஒரு தாவலும் ஒரு மீட்டியோரும் சேர்ந்த ஒரு சுழற்சிக்கு மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது என்று கணக்குப் போட்டால், அடுத்த கூட்டத்தை அடைவதற்குள் பானை நிரம்பிவிடும் என்பது விளங்கும். பாரகன் புள்ளிகளில் (உச்ச நிலையை எட்டிய பின் அனுபவத்தால் கிடைப்பவை) வளச் செலவைக் குறைக்கும் வரிசையையும் நிரப்பிவிடுங்கள். முழுதாக நிரப்பினால் 10 விழுக்காடு குறையும்.

ஈதர் வாக்கருக்குப் பதிலாக இன்-ஜியோம் வாளின் சக்தியைக் கியூபில் வைக்கலாமா என்று மருமகன் கேட்டான். ஓர் எலீட் கூட்டத்தைக் கொன்ற பின் 15 வினாடிக்கு எல்லாக் கூல்டவுன்களையும் 8 முதல் 10 வினாடி வரை அது குறைக்கிறது. டெலிபோர்ட் அப்போது ஏறத்தாழ இலவசம். எலீட்டுகள் நெருக்கமாக வரும் ரிஃப்டில் இது ஈதர் வாக்கரையே மிஞ்சும். ஆனால் வெறும் வழிகள் நீளும் பவுன்டி எனப்படும் பணிகளின் வரைபடங்களில், 15 வினாடி தீர்ந்ததும் கால் நின்றுவிடும். இரண்டு சக்தியும் ஆயுத இடத்துக்கு உரியவை. கையில் தடி இருக்கும்போது கியூபில் ஒன்றுக்குத்தான் இடம். ரிஃப்டுக்கு ஒன்று, பவுன்டிக்கு ஒன்று என்று ஆர்மரியில் இரண்டு அமைப்புகளாகச் சேமித்துக்கொள்வதே என் வழக்கம்.

அறிகுறி: தாவல் சரியாகிவிட்டது, ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அடி பலவீனமாக இருக்கிறது

இதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதற்காரணம் தல் ரஷா தொகுதியின் இயல்பிலேயே இருக்கிறது. ஆர்கேன், குளிர், நெருப்பு, மின்னல் ஆகிய நான்கு வகை அடிகளாலும் எதிரியைத் தொட்டால்தான் ஆறு துண்டுகளின் பலன் நான்கு அடுக்காக ஏறும். அந்தப் பலன் நிற்பதோ 8 வினாடி. கிரேட்டர் ரிஃப்டில் எதிரி பக்கத்திலேயே இருப்பதால் அடுக்கு கலைவதே இல்லை. ஓட ஆரம்பித்தால், ஒரு நீண்ட நடைவழியைக் கடப்பதற்குள் அது உதிர்ந்துவிடுகிறது. பட்டையில் அடுக்கின் எண் தெரியும். புதிய கூட்டத்தை அடையும்போது அது எத்தனை என்று பாருங்கள். ஒன்று அல்லது ஒன்றுமில்லை என்று இருந்தால், நோய் இதுதான்.

இதற்கு மருந்து, அடுக்குகளை நீங்கள் தேடிப் போகாமல் அவை தாமாகவே வந்து சேரும்படி ஸ்கில்களை ஒழுங்குபடுத்துவது. டெலிபோர்ட்டின் கலாமிட்டி ரூன், இறங்கிய இடத்தில் சுற்றிலும் ஆர்கேன் அடி கொடுத்து எதிரிகளை ஒரு வினாடி திகைக்க வைக்கிறது. வோர்ம்ஹோல் ரூனை விட மனமில்லை என்பவர்கள், கூல்டவுன் தொடங்குவதற்கு முன் கூடுதல் தாவல்கள் தருவதே அதன் வேலை என்பதையும், ஈதர் வாக்கர் இருக்கும்போது கூல்டவுனே இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்கட்டும். ஸ்டோர்ம் ஆர்மர் அருகில் வரும் எதிரியைத் தானாகவே மின்னலால் தொடும். மீட்டியோர் ஷவர் நெருப்பு. ஆக, நீங்கள் வழக்கமாகச் செய்யும் தாவலும் எறிதலுமே மூன்று அடுக்குகளைக் கொடுத்துவிடுகின்றன.

நான்காவதான குளிர்தான் தொல்லை. ஹைட்ராவைக் குளிர் ரூனுடன் போட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும், நீங்கள் போய்விடுவீர்கள். பிளாக் ஹோலை அப்சலூட் சீரோ ரூனுடன் எடுத்தால் குளிரும் வரும், கூட்டமும் ஒன்றாக இழுபடும். ஆனால் அதன் கூல்டவுன் 8 வினாடியைத் தாண்டுவதால் அடுக்கில் இடைவெளி விழத்தான் செய்யும். நான்கையும் எந்நேரமும் பிடித்து வைக்க முயல்வதே நேர விரயம் என்பது என் முடிவு. மூன்று அடுக்கில் எதிரி ஒரே அடியில் விழும் கடினநிலையைத் தெரிந்தெடுங்கள். பிளாக் ஹோலை எலீட்டுக்கென வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் காரணம் கன்வென்ஷன் ஆஃப் எலிமென்ட்ஸ் மோதிரம். அது ஒவ்வோர் அடி வகைக்கும் 4 வினாடியாகச் சுழல்கிறது. விசார்ட்டுக்கு நான்கு வகை என்பதால் ஒரு முழுச் சுற்று 16 வினாடி. உங்கள் நெருப்பின் முறை வரும் 4 வினாடியில் அடி பெரிதாகவும், மீதி 12 வினாடியில் சிறிதாகவும் தெரியும். இதற்குப் பழகியவர்கள் தம்மையறியாமலே முறை வரும்வரை காத்திருப்பார்கள். மருமகன் எலீட் முன்னால் நின்று மோதிரத்தின் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். "எதுக்கு மனே நிக்கிறாய்?" என்று கேட்டபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மோதிரத்தைக் கழற்றுங்கள். அதன் இடத்துக்கு வரவேண்டியது எது என்பது கீழே வருகிறது.

இதே தலைப்பில் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. மீட்டியோர் எறிந்த உடனே விழுவதில்லை. வானத்திலிருந்து வந்து சேர ஒரு கணம் எடுக்கிறது. விழுவதைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நிற்காதீர்கள். கூட்டத்தின் நடுவில் தாவி இறங்கி, காலடியிலேயே எறிந்துவிட்டு, கற்கள் விழும்போது அடுத்த திருப்பத்தில் இருங்கள். தப்பிய ஒன்றிரண்டுக்காகத் திரும்பிப் போகவும் வேண்டாம். வயல் வட்டைக்குள் இறங்கும் வெட்டு இயந்திரம் மூலையில் விடுபட்ட நாலு கதிருக்காகத் திரும்புவதில்லை.

அறிகுறி: சப்பாத்தில் வேகம் இருந்தும் ஓட்டம் கூடவில்லை

அணிகலன்களும் பாரகன் புள்ளிகளும் சேர்ந்து தரும் நகர்வு வேகத்துக்கு 25 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. பாரகனின் முதல் பிரிவில் ஒரு புள்ளிக்கு 0.5 விழுக்காடாக 50 புள்ளிகளைப் போட்டால் அந்த வரம்பு நிரம்பிவிடும். அதன் மேல் சப்பாத்தில் எத்தனை இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே, பாரகன் நிரம்பியவர்கள் சப்பாத்தில் உள்ள அந்தப் பண்பை மிஸ்டிக் என்ற கைவினைஞரிடம் கொடுத்து வேறொன்றாக மாற்றிக்கொள்வது நல்லது.

வரம்பைத் தாண்டும் வேகம் வேறு வழிகளில் வருகிறது. இல்யூஷனிஸ்ட் என்ற பாசிவ், ஒவ்வொரு டெலிபோர்ட்டுக்குப் பின்னும் 3 வினாடிக்கு 30 விழுக்காடு வேகம் தருகிறது. இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு முறை தாவுகிற இந்தப் பில்டில் அது ஏறத்தாழ நிரந்தரம். கிளாஸ் கானன் என்ற பாசிவ் இருந்தால் அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். பூன் ஆஃப் த ஹோர்டர் என்ற கல்லை 25ஆம் தரத்துக்கு உயர்த்தினால், பொன்னை எடுத்த பின் 3 வினாடிக்கு இன்னொரு 30 விழுக்காடு.

அறிகுறி: ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிக்கடி சாகிறேன்

ஒருமுறை செத்தால் அந்தச் சுற்றில் சேமித்த நேரம் முழுவதும் போய்விடும். அடுத்தடுத்துச் செத்தால் மீண்டெழும் காத்திருப்பும் நீளும். பூன் ஆஃப் த ஹோர்டர் எதிரிகளைப் பொன்னாக வெடிக்கச் செய்கிறது. கோல்ட்ராப் இடுப்புப்பட்டி, எடுத்த பொன்னின் அளவையே சில வினாடிக்குக் கவசமாக மாற்றித் தருகிறது. அவாரிஸ் பேண்ட் மோதிரம், பொன்னை எடுக்க எடுக்க அது வந்து ஒட்டும் தூரத்தை விரிக்கிறது. மூன்றும் சேர்ந்தால், வீரன் ஒரு காந்தம் போலப் பொன்னை இழுத்துக்கொண்டு ஓட, கவசம் எதுவும் துளைக்க முடியாத அளவுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். தல் ரஷாவின் இடுப்புப்பட்டி தொகுதியைச் சேர்ந்தது. கையில் இருகைத் தடி இருப்பதால் தொகுதியின் இடக்கைப் பொருளும் இல்லை. ஆகவே பட்டியைக் கழற்றினால் ஆறு துண்டுகள் ஐந்தாகிவிடும். கோல்ட்ராப்பைக் கியூபின் கவச இடத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. அவாரிஸ் பேண்ட், கழற்றிய கன்வென்ஷன் மோதிரத்தின் விரலுக்கு வரட்டும். அதன் துளையிலேயே பூன் கல்லைப் பதித்துவிடலாம்.

இந்த அமைப்போடு மறந்துபோய்க் கிரேட்டர் ரிஃப்டுக்குள் நுழைந்துவிட்டு, ஏன் உடனே செத்தேன் என்று கேட்பவர்கள் உண்டு. ரிஃப்டின் இறுதிக் காவலன் விழும்வரை அங்கே பொன் சிந்துவதில்லை. பொன் இல்லாவிட்டால் இந்த மூன்றும் வெறும் பாரம்.

அறிகுறி: ரிஃப்ட் வேகமாக முடிகிறது, ஆனால் பொருள் சேரவில்லை

மஞ்சள் நிறப் பொருள்களை எடுக்கவே கூடாது என்று சிலர் சட்டம் வைத்திருக்கிறார்கள். கியூபில் ஒரு மஞ்சள் பொருளை லெஜண்டரியாக உயர்த்த 25 டெத்ஸ் பிரெத்துடன் ரியூசபிள் பார்ட்ஸ், ஆர்கேன் டஸ்ட், வெயில்ட் கிரிஸ்டல் ஒவ்வொன்றிலும் 50 வேண்டும் என்பதை அவர்கள் பிறகுதான் உணர்கிறார்கள். கையிருப்பு நிறைய இருக்கும் மட்டும் மஞ்சளை விடுங்கள். குறைந்ததும் சில சுற்றுகளுக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கொல்லனிடம் உடையுங்கள். தொட்டால் சிறிது நேரம் பலன் தரும் ஸ்ரைன், பைலான் ஆகியவை வழியில் இருந்தால் தொடுங்கள். அவற்றுக்காக வழி விலக வேண்டாம். நெமசிஸ் பிரேசர்ஸ் இருந்தால், தொடும் ஒவ்வொன்றிலும் ஓர் எலீட் வந்து நிற்கும் என்பதால் கணக்கு மாறும். அதை உங்கள் துணையாளின் கையில் அணிவித்தாலே போதும், உங்கள் கை இடம் மிஞ்சும்.

அறிகுறி: தாவிய பிறகு பழைய இடத்துக்கே இழுக்கப்படுகிறேன்

பில்டில் தேடிப் பயனில்லை. கணினியில் டயப்லோ 3 எந்நேரமும் இணையத்தில் இருந்தே ஓடுவதால், நீங்கள் தாவியதைச் சேவையகம் ஏற்றுக்கொண்டால்தான் அது தாவல். திரையின் கீழே ஸ்கில் வரிசையின் பக்கத்தில் உள்ள இணைப்புக் குறி மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் குற்றவாளி இணைப்பு. கன்ட்ரோல் விசையுடன் ஆர் விசையை அழுத்தினால் சட்ட வேகம் (ஃபிரேம் ரேட்) தெரியும். அது சரிந்திருந்தால் குற்றவாளி உங்கள் இயந்திரம். எதிரிகள் சீராக நடமாட உங்கள் கட்டளை மட்டும் பிந்துகிறதா, அல்லது முழுத் திரையும் திக்குகிறதா என்று பார்த்தாலும் வேறுபாடு புரியும்.

இணைப்புக்குச் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் ஊர் முழுவதும் கைப்பேசி இணைப்பில் ஏறிவிடுவதால், எங்கள் பக்கத்தில் நான் அதிகாலையில்தான் ஓடுகிறேன். ரவுட்டரிலிருந்து வயர் இழுக்க முடிந்தால் இழுங்கள். ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய வட்டாரங்களில் எது உங்களுக்கு விரைவு என்று புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்கிச் சோதித்துவிட்டே முடிவெடுங்கள். ஒரு வட்டாரத்தில் வளர்த்த பாத்திரமும் பாரகனும் இன்னொன்றுக்கு வராது. ஹார்ட்கோர் முறையில் செத்த பாத்திரம் திரும்பாது என்பதால், மின்வெட்டு வழக்கமான வீட்டில் இருந்து அதில் வேக அறுவடை செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இயந்திரமே காரணம் என்றால், காட்சி அமைப்பில் நிழலை அணைத்து, லோ எஃப்எக்ஸ் என்ற தெரிவை இயக்குங்கள். ஏழு ஏழாக விழும் மீட்டியோர்களின் ஒளிவெள்ளம் பாதி அடங்கும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அதன் பிறகே திக்கத் தொடங்கினால் அது வெப்பம். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு அறைகளில் மடிக்கணினி தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்வது இயல்பு. மருமகனின் கணினியில் இருந்த கடைசிக் கோளாறும் இதுதான். அதை மெத்தையின் மேல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். இரண்டு புத்தகங்களை முண்டுகொடுத்து மேசையில் தூக்கி வைத்து, விசிறியைத் தூசி தட்டிய பின், ஏழு நிமிடமாக இருந்த அவனது ரிஃப்ட் மூன்றரை நிமிடத்தில் முடிந்தது. அந்தப் புத்தகங்களில் ஒன்று அவனுடைய உயர்தரக் கணித நூல் என்பதை அக்கா இன்னும் பார்க்கவில்லை.